புயலும் குழந்தைகளும்: ஐம்பது ஆண்டுக் கணக்கு

புயல் ஓய்ந்த மறுநாள் செய்தித்தாள்களில் ஓர் எண் வெளிவருகிறது. இத்தனை பேர் மாண்டனர் என்பதே அச்செய்தி. நாமும் படித்து வருந்துகிறோம். ஆனால் அந்த எண்ணுக்குள் குழந்தைகள் எத்தனை பேர்? கடல் பொங்கி வந்த வேளையில் அவர்கள் எங்கே இருந்தனர்? பிழைத்த குழந்தைகள் ஓராண்டு கழித்து எவ்வாறு இருக்கின்றனர்? இவ்வினாக்களுக்குச் செய்தித்தாளில் விடை இராது. வீடு வீடாகச் சென்று கேட்டு, எழுதி, எண்ணிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இன்று உலகின் தட்பவெப்பநிலை மாறி வருகிறது. அம்மாற்றம் குழந்தைகளின் பாதுகாப்பையும் நலத்தையும் எவ்வாறு தாக்குகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். இவ்வாராய்ச்சியின் வேர்களுள் ஒன்று வங்க விரிகுடாவின் வடகோடியில், இன்றைய வங்காளதேசத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் ஆராய்ச்சியாளர்கள் புதிதாக ஒரு கேள்வியைக் கேட்டனர். அக்கேள்விகளின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1970 நவம்பர் 12

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்று பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது வங்காளதேசத்தின் தென்பகுதி. அங்குள்ள தீவுகளும் திட்டுகளும் கடல்மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்தவை. கரையை ஒட்டிய கடல் ஆழமற்றது. விரிகுடாவோ வடக்கே செல்லச் செல்லப் புனல்போலக் குறுகுகிறது. ஆகவே புயற்காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் பரவுவதற்கு இடமின்றி மேலே எழுகிறது. இதனைப் புயல் அலை என்கிறோம். காற்றால் மடிவோரைவிடப் புயல் அலையால் மடிவோரே இங்கு மிகுதி.

1970-ஆம் ஆண்டில் இப்பகுதி கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் இரவு, போலா தீவும் அதனைச் சுற்றியுள்ள கடற்கரையும் பெரும் புயலுக்கு இலக்காயின. கடல் ஏற்றமும் அதே வேளையில் சேர்ந்துகொண்டது. 6 மீட்டருக்கும் மேல் எழுந்த நீர் ஊர்களை மூடியது. இறந்தோர் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். இதைவிட மிகுதியான உயிர்களைக் கொண்ட வெப்பமண்டலப் புயல் எதுவும் வரலாற்றில் பதிவாகவில்லை.

எச்சரிக்கையே கிடைக்கவில்லையா? கிடைத்தது. புயல் வருவதை அப்பகுதி மக்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களில் தஞ்சம் புகுந்தோர் சுமார் 1 விழுக்காட்டினரே என்றும் 1971-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. போவதற்குக் கட்டடங்கள் இருந்தால்தானே போக முடியும்! மூங்கிலும் ஓலையும் மண்ணும் கொண்ட வீடுகளே எங்கும் இருந்தன.

முதற்கேள்வி: இறந்தவர் யார்?

டாக்காவில் 1960 முதல் காலரா ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வந்தது. ஆல்ஃபிரட் சோமர் என்னும் அமெரிக்க மருத்துவர் அப்போது அங்கே பணியாற்றினார். அவருக்கு வயது 28. வைட்டமின் ஏ குறைவுக்கும் குழந்தை இறப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டிப் பின்னாளில் உலகப்புகழ் பெற்றவர் இவரே. அவரும் மோஸ்லி என்னும் மற்றோர் ஆய்வாளரும் புயல் தாக்கிய பகுதியில் இரு கணக்கெடுப்புகளை நடத்தினர். முதலாவது, புயலுக்குச் சில வாரங்களில் நடந்த விரைவான பார்வையிடல். இரண்டாவது, அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் நடந்த விரிவான ஆய்வு. முடிவுகள் 1972-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயின.

அவர்கள் கையாண்ட முறை எளியது. பல லட்சம் பேரையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மாதிரிக் கிராமங்களைத் தேர்ந்துகொண்டனர். அங்கு ஒவ்வொரு குடும்பத்திலும் புயலுக்கு முன் எத்தனை பேர் இருந்தனர், அவர்கள் ஆணா பெண்ணா, வயது என்ன, இப்போது உயிரோடு இருப்பவர் யார் என்று கேட்டு எழுதினர். இறந்தவர்களை மட்டும் எண்ணாமல் இருந்தவர்கள் அனைவரையும் எண்ணியதில்தான் இம்முறையின் உயிர்நாடி உள்ளது. மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாவிட்டால் இறப்பு எண்ணிக்கையால் பயனில்லை.

தாக்குண்ட பகுதியில் சராசரியாக 16.5 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். குறைந்த அளவாகக் கணக்கிட்டாலும் 2,24,000 பேர் மடிந்தனர் என்று தெரிந்தது. தஜுமுதீன் என்னும் வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழப் பாதிப்பேர் அழிந்தனர். வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர். ஆனால் இறந்தோரில் பாதிப்பேர் அவர்களே.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 300 பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களில் குழந்தைகள் 100 பேர்; ஏனையோர் 200 பேர். ஊரில் 50 பேர் இறக்கின்றனர். அவர்களில் பாதி, அதாவது 25 பேர், குழந்தைகள். 100 குழந்தைகளில் 25 பேர் என்றால் நால்வரில் ஒருவர். ஏனையோர் 200 பேரில் 25 பேர் என்றால் எண்மரில் ஒருவர். ஆக, குழந்தை இறக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததைப்போல் இரு மடங்கு. கடலுக்கு வயது தெரியாது. எனினும் அதன் கணக்கில் வயது இருந்தது.

பிழைத்தவர்களின் உடலிலும் ஆய்வாளர்கள் ஒரு சான்றைக் கண்டனர். பலருடைய மார்பிலும், கைகளின் உட்புறத்திலும், தொடைகளிலும் தோல் உராய்ந்து புண்ணாகியிருந்தது. நீர் இழுத்த வேளையில் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததன் தழும்புகள் அவை. அக்காயங்களைப் புயல் நோய்க்குறி என்றே ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களே மிகுதியாகப் பிழைத்ததற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும். காற்றும் நீரும் இழுக்க, இரவெல்லாம் ஒரு மரத்தை விடாமல் பற்றியிருக்க வலிமை வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் கைகளுக்கு அவ்வலிமை ஏது?

இரண்டாம் கேள்வி: எங்கே இருந்தனர்?

1971-ல் வங்காளதேசம் தனி நாடாயிற்று. அடுத்த ஆண்டே செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமத் தொண்டர்கள் ஒலிபெருக்கியோடும் கொடியோடும் எச்சரிக்கையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மட்டும் போதவில்லை.

1991 ஏப்ரல் 29-ஆம் நாள் இரவு சிட்டகாங் கடற்கரையில் பெரும் புயல் அடித்தது. சுமார் 1,38,000 பேர் மாண்டனர். கேரின் பெர்ன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 45 குடியிருப்புத் தொகுதிகளில் 1,123 பேரைப் பற்றி விவரம் திரட்டினர். 10 வயதுக்கு உட்பட்டவர்களில் 26 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். 40 வயதைத் தாண்டிய பெண்களில் 31 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். இடமும் புயலும் வேறு. எனவே இரு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. எனினும் 21 ஆண்டுகளுக்குப் பிறகும் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் என்ற அளவு மாறவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாய்வாளர்கள் மேலும் ஒன்றைக் கேட்டனர். கடல் ஏறி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதே அது. கிடைத்த விடை திகைப்பூட்டியது. காங்கிரீட் அல்லது செங்கல் கட்டடத்தை அடையாதவர்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் மடிந்தனர். அத்தகைய கட்டடத்தில் தஞ்சம் புகுந்தவர்களில், அக்கணக்கெடுப்பில் இடம்பெற்ற அனைவரும் பிழைத்தனர்.

முதல் ஆய்வு குழந்தையின் கைவலிமையைக் காட்டியது. அதை நாம் மாற்ற முடியாது. இரண்டாம் ஆய்வு கட்டடத்தைக் காட்டியது. அதைக் கட்ட முடியும். 1991-க்குப் பின் கடலோர மாவட்டங்களில் புயல் காப்பகங்கள் பெருகின. அவற்றுள் பல, தொடக்கப் பள்ளிகளாகவும் பயன்படும்படி அமைந்தவை. தரைத்தளம் வெறும் தூண்களோடு திறந்திருக்கும். நீர் வந்தால் இடையே புகுந்து ஓடிவிடும். மேல்தளத்தில் வகுப்பறைகள் இருக்கும். நாள்தோறும் குழந்தை நடந்து போகும் வழியே புயல் நாளில் தப்பிக்கும் வழியும் ஆயிற்று.

2007 நவம்பர் 15-ல் சித்ர் என்னும் கடும்புயல் தாக்கியபோது 3,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதுவும் பெருந்துயரமே. ஆயினும் 1970-ஐயும் 1991-ஐயும் நினைத்தால் வேறுபாடு தெளிவாகும். 2020 மே மாதம் அம்பான் புயல் வந்தபோது வங்காளதேசத்தில் சுமார் 24 லட்சம் பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். அங்கு இறந்தோர் முப்பதுக்கும் குறைவு. ஒவ்வொரு புயலின் வலிமையும் பாதையும் வேறு என்பதை மறக்கலாகாது. எனினும் எச்சரிக்கையும் காப்பகமும் சேர்ந்து பெரும் பயன் விளைத்தன என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் கேள்வி: பிழைத்தவர் நலமா?

உயிர் தப்பிய குழந்தை நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? இக்கேள்விக்கு விடை காண்பது கடினம். பேரிடருக்குப் பின் ஒரு குழந்தை மெலிந்திருந்தால், அது முன்பே மெலிந்திருந்ததா என்று எப்படி அறிவது? முன்நிலை தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

1988-ல் ஓர் அரிய வாய்ப்பு வாய்த்தது. குழந்தைகளின் உடல், மனக் குறைபாடுகளைப் பற்றி மாரீன் டர்கினும் அவர் குழுவினரும் வங்காளதேசத்தில் ஓர் ஆய்வு நடத்தியிருந்தனர். அதில் 2 முதல் 9 வயதுவரை உள்ள 162 குழந்தைகளின் நடத்தை பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து, எவரும் எதிர்பாராத பெருவெள்ளம் நாட்டின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்து ஐந்து மாதமானதும் அதே குழந்தைகளை ஆய்வாளர்கள் மீண்டும் சந்தித்தனர். முன்பு ஒருவரிடமும் காணப்படாத முரட்டு நடத்தை இப்போது ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டிருந்த 134 குழந்தைகளில் 45 பேர் மீண்டும் நனைக்கத் தொடங்கியிருந்தனர். மூன்றில் ஒரு குழந்தை!

சிறு குழந்தை தன் அச்சத்தைச் சொற்களால் விவரிக்காது. வெள்ளத்தில் பயந்தாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டும். அதன் நடத்தையே அதன் மொழி. பாயை நனைத்ததற்காக அடிவாங்கும் குழந்தை, உண்மையில் ஆறு மாதத்திற்கு முந்தைய வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதை இவ்வாய்வு பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உணர்த்தியது. இதன் முடிவுகள் 1993-ல் வெளியாயின.

உடல் வளர்ச்சியைப் பற்றிய விடை 1998-ஆம் ஆண்டு வெள்ளத்திலிருந்து கிடைத்தது. அவ்வெள்ளம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை வாரக்கணக்கில் மூடியிருந்தது. பயிர் அழிந்தது, கூலிவேலை நின்றது, அரிசி விலை ஏறியது. டெல் நின்னோ, லுண்ட்பெர்க் ஆகிய இரு பொருளியலாளர்கள், வெள்ளம் தாக்கிய குடும்பங்களின் குழந்தைகளையும் தாக்காத குடும்பங்களின் குழந்தைகளையும் ஓராண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து ஒப்பிட்டனர். நீர் வடிந்தது, அடுத்த அறுவடையும் வந்தது. ஆயினும் வெள்ளத்தில் சிக்கிய குழந்தைகள், ஆய்வு முடியும்வரை, மற்றக் குழந்தைகளின் வளர்ச்சியை எட்டிப் பிடிக்கவில்லை. வளரும் வயதில் தவறிய மாதங்களைப் பின்னர் ஈடுசெய்வது எளிதன்று.

நான்காம் கேள்வி: பிறவாத குழந்தை?

புயலும் வெள்ளமும் ஓசையோடு வருவன. ஓசையின்றி வரும் இடர் ஒன்றும் உண்டு. அது உப்பு. கடல்மட்டம் உயர்வதாலும், புயல் அலை குளங்களில் புகுவதாலும், வறண்ட பருவத்தில் ஆற்று நீர் குறைவதாலும், இறால் பண்ணைகளுக்குக் கடல்நீரைப் பாய்ச்சுவதாலும் தென்மேற்கு வங்காளதேசத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாகி வருகிறது.

குல்னா மாவட்டத்தின் தாகோப் பகுதியில் அனீரே கான் முதலிய ஆய்வாளர்கள் கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியாயிற்று. வறண்ட பருவத்தில் குடிநீர் வழியாக மட்டுமே ஒரு நாளில் 5 முதல் 16 கிராம் சோடியம் உட்கொள்ள நேரிடும் என்று மதிப்பிட்டனர். மழைக்காலத்தில் இவ்வளவு 0.6 முதல் 1.2 கிராம்தான். வயது வந்தோருக்கு உணவையும் நீரையும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருத்துவமனைப் பதிவுகளின்படி, கருவுற்ற பெண்களிடையே இரத்தக் கொதிப்பு மழைக்காலத்தில் 5.1 விழுக்காடாகவும் வறண்ட பருவத்தில் 12.2 விழுக்காடாகவும் இருந்தது. கருப்பக் காலத்து இரத்தக் கொதிப்பு குறைமாதப் பிரசவத்திற்கும் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதற்கும் காரணமாகக்கூடும். ஆகவே குழந்தையின் பாதுகாப்பு அது பிறப்பதற்கு முன்பே, தாய் அருந்தும் குவளை நீரில் தொடங்குகிறது.

தட்பவெப்பநிலை மாற்றமும் இக்கணக்குகளும்

1970-ஆம் ஆண்டுப் புயலைத் தட்பவெப்பநிலை மாற்றமே உண்டாக்கியது என்று கூற முடியாது. வங்க விரிகுடாவில் புயல்கள் தொன்றுதொட்டு வருபவை. அப்படியானால் இப்பழைய கணக்குகளால் என்ன பயன் என்று கேட்கலாம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமில வாயு பெருகி, பூமியும் கடலும் சூடாகின்றன. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். அதனால் பெருமழை மேலும் வலுக்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. புயல் அலை இவ்வுயர்ந்த மட்டத்தின்மேல் ஏறி வருகிறது. புயல்களின் மொத்த எண்ணிக்கை பெருகிவிட்டது என்று அறிவியலாளர்கள் சொல்வதில்லை. ஆனால் அண்மை நாற்பது ஆண்டுகளில் கடும்புயல்களின் பங்கு உயர்ந்திருக்கக்கூடும் என்று பன்னாட்டுத் தட்பவெப்பநிலைக் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

எனவே நாளைய இடர்கள் முற்றிலும் புதியவையல்ல. பழைய இடர்களே வலிமை பெற்று வருகின்றன. குழந்தைகளை அவை எந்த வழியாகத் தாக்குகின்றன என்பதை அறிய, நேற்றைய கணக்கேடுகளே கைவிளக்கு. அவை நான்கு வழிகளைக் காட்டியுள்ளன: உடலின் வலிமைக் குறைவு, தஞ்சமின்மை, உணவும் மன அமைதியும் குலைதல், தாயின் உடல்நலம். டாக்கா நிலையம் தன் மத்லாப் களப்பகுதியில் 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் இடப்பெயர்ச்சியையும் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. இத்தகைய ஏடுகள் உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. புயல் வந்தபின் ஏட்டைத் திறந்து எழுதத் தொடங்குவதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். 162 குழந்தைகளின் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.

புதிய கேள்வி: வெப்பம்

2024 ஏப்ரல் மாதம் வங்காளதேசத்தில் கடும் வெப்ப அலை வீசியது. நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டில் வெப்ப அலை, புயல், வெள்ளம் முதலியவற்றால் 85 நாடுகளில் குறைந்தது 24.2 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது என்று யுனிசெஃப் நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

குழந்தை என்பது பெரியவர்களின் சிறிய வடிவமன்று. எடையோடு ஒப்பிட அதன் தோற்பரப்பு பெரிது. சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருக்கும்போது வெப்பம் விரைவாக உள்ளேறும். நீர் வேண்டும், நிழல் வேண்டும் என்று கைக்குழந்தை கேட்கவும் இயலாது. புயலிலிருந்து காத்த காங்கிரீட் பள்ளியே கோடைப் பகலில் அனல் வீசும் அறையாகக்கூடும். ஆகவே பழைய விடை புதிய கேள்விக்கு அப்படியே பொருந்தாது. வெப்ப நாட்களில் எந்த வயதுக் குழந்தைகள், எவ்வகைக் கூரையின் கீழ், எத்தனை மணி நேரம் இருந்தனர், எத்தனை பேர் நோயுற்றனர் என்று எண்ண வேண்டும். அந்த ஏடு இன்னும் பல ஊர்களில் திறக்கப்படவே இல்லை.

வங்க விரிகுடாவின் மேற்குக் கரையில்தான் நாமும் வாழ்கிறோம். 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயல் அலை எழுந்ததும் இக்கடலிலேதான். அடுத்த புயலோ வெப்ப அலையோ வந்து செய்தித்தாளில் ஓர் எண் வெளிவரும்போது, மாணவர்கள் அந்த எண்ணோடு நின்றுவிடலாகாது. அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர்? எங்கே இருந்தனர்? முன்பு எப்படி இருந்தனர்? ஓராண்டு கழித்து எப்படி இருக்கின்றனர்? பள்ளியின் வருகைப் பதிவேடும் அங்கன்வாடியின் எடைப் பதிவேடும் இக்கேள்விகளுக்கு விடை தரக்கூடிய ஏடுகளே. அவற்றைத் தவறாமல் எழுதிவைப்பது இடர் வருமுன் இன்றே செய்யக்கூடிய வேலை.